விடுபட்ட வேலையைத் திறந்ததும் ஓட்டு

ஆவுடையப்பன் தன் அம்மாவுக்குப் போன் போட்டபோது, எடுத்துப் பேசியது ஆவுடையப்பன்.

"வணக்கம். வேலம்மா வீடு. அவிய மகன் பேசுதேன். யாரு?"

அது அவன் குரலேதான். தொண்டையில் லேசான கரகரப்பு, 'பேசுதேன்' என்பதில் சொந்த ஊரான பணகுடியின் இழுப்பு, பேசி முடித்ததும் மூச்சை உள்ளே வாங்குகிற சத்தம். தன் குரலைப் பதிவில் கேட்கும்போது எல்லோருக்கும் வருகிற கூச்சம்தான் அவனுக்கு முதலில் வந்தது. பயம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்தது.

"எம்மாட்ட போனக் குடு."

"அம்மா கடையில வேலையா இருக்கா. என்ன விஷயம்னு சொன்னியன்னா நான் சொல்லிருதேன்."

"ஏல, நான்தாம்ல ஆவுடை!"

மறுமுனை கொஞ்சம் யோசித்தது. பிறகு சண்டைக்காரனிடம் பேசாமல், வழி தவறி வந்தவனிடம் பேசுகிற மாதிரி இதமாகச் சொன்னது.

"அண்ணாச்சி, என் பழைய போனு தொலைஞ்சி போச்சி. ஒங்க கையில கெடச்சிருக்குன்னு நெனைக்கேன். நீங்களே வச்சிக்கிடுங்க. எங்க அம்மாவ மட்டும் தொந்தரவு பண்ணாதிய. அவ பாவம்."

போன் வைக்கப்பட்டது.

அந்த வாக்கியங்கள் எல்லாவற்றையும் அவனுக்கு நன்றாகத் தெரியும். ஏழெட்டு மாதத்துக்கு முன்னால், இதே மேடையில், மூக்கைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தற்குறிகளோடு அவன்தான் சொல்லி எழுத வைத்தான். 'அவ பாவம் முற்றுப்புள்ளி.'

வடகடலின் நடுவில், கரையிலிருந்து படகில் அரை நாள் தூரத்தில் இருந்தது அந்த இரும்பு மேடை. சுற்றிலும் மின்சாரம் எடுக்கிற காற்றாடிகள். ஊரில் முப்பந்தல் பக்கம் நிற்கிற காற்றாடிகளைப் பார்த்து வளர்ந்தவன் ஆவுடை. அவற்றில் ஏறி இறங்கித் தொழில் கற்றவன். இங்கே நிற்பவை அவற்றுக்குப் பெரியப்பா மாதிரி. ஊர்க் காற்றாடியிலிருந்து தவறினால் பருத்திக் காட்டில் விழலாம். இங்கே கீழே வெறும் கறுப்புத் தண்ணீர்.

மறுபடி போட்டான். அதே குரல், அதே இதம். மூன்றாவது தடவை குரலே இல்லை. 'நீங்கள் அழைக்கும் எண் உங்களைத் தடுத்துள்ளது' என்று ஒரு பெண் சொன்னாள்.

"என்ன தம்பி, முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு?"

மேடையின் தகவல் தொடர்பைக் கவனிக்கிற பிரபாலினி, காபிக் கோப்பையோடு வாசலில் நின்றாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெற்றோருக்கு நார்வேயில் பிறந்தவள். வேலை நேரத்தில் நார்வே மொழி, திட்டவும் சிரிக்கவும் தமிழ்.

"எங்க வீட்டுல என்னையத் தடுத்துட்டாங்கக்கா."

"ஆர் தடுத்தது?"

"நான்தான்."

பிரபாலினி கோப்பையைக் கீழே வைத்தாள். "இருந்து சொல்லும். முதல்ல இருந்து."

முதலிலிருந்து என்றால் செல்வினிலிருந்துதான் தொடங்க வேண்டும். கூட வேலை பார்த்த வள்ளியூர்க்காரப் பையன். சென்ற வருஷம் படகிலிருந்து ஏணிக்குத் தாவும்போது கால் வழுக்கிக் கடலோடு போய்விட்டான். அவன் அம்மாவுக்குச் செய்தி சொன்னது மனிதர் யாருமில்லை. கம்பெனியின் தானியங்கி, தட்டையான தமிழில், நேரம் பார்த்துக் கூப்பிட்டுச் சொன்னது. கடைசியில், 'இந்தச் செய்தியை மீண்டும் கேட்க எண் இரண்டை அழுத்தவும்' என்றது. அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. இரண்டை அழுத்தினாள். மறுபடி கேட்டாள். மறுபடி அழுத்தினாள். அக்கம்பக்கத்தார் வந்து போனைப் பிடுங்கும் வரைக்கும் அழுத்திக்கொண்டே இருந்தாளாம்.

அதைக் கேட்ட நாளிலிருந்து ஆவுடைக்குச் சோறு இறங்கவில்லை. தன் சாவுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. அம்மாவின் விரல் அந்த இரண்டின் மேல் இருப்பதைத்தான் நினைத்து நினைத்து உருகினான்.

"அதனால கடைக் கம்ப்யூட்டர்ல ஒரு ஸ்கிரிப்ட் செஞ்சி வச்சேன். டைமர் வச்சி, தெனமும் காலையில தானா ஓடும். நான் உசுரோட இருக்கேனான்னு பாக்கும்."

"எப்பிடிப் பாக்கும்?"

"நான் இங்கேருந்து தெனமும் 'இருக்கேன்'னு ஒரு செய்தி அனுப்புவேன். அது வந்துட்டுன்னா சும்மா இருக்கும். புயல் அடிச்சா இங்க தொடர்பு போயிருமேன்னு மூணு நாளு அவகாசம் வச்சிருந்தேன். மூணு நாளுக்கு மேல வரலன்னா, நான் செத்துட்டேன்னு அர்த்தம்."

"அதுக்குப் பிறகு அம்மாவுக்குச் செய்தி சொல்லுமாக்கும்."

"இல்லக்கா. சொல்லாது." ஆவுடை தரையைப் பார்த்தான். "நானா மாறி, அம்மாட்ட பேச ஆரம்பிச்சிரும். கடைசி வரைக்கும். நான் செத்தது அவளுக்குத் தெரியவே கூடாது."

ஆவுடைக்குத் தமிழில் தட்டச்சு வராது. எல்லாவற்றையும் வாயால்தான் சொல்லி எழுத வைப்பான். பணகுடியில் அம்மா வைத்திருக்கும் பேச்சியம்மன் ஜெராக்ஸ் கடையின் கம்ப்யூட்டரும், அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் போல, சொன்னால் கேட்டுக்கொள்ளும். எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும் என்று தமிழில் சொன்னால், அதுவே ஸ்கிரிப்ட் எழுதிக் கடிகாரத்தில் மாட்டிவிடும். காலையில் அம்மாவுக்கு மாத்திரையை ஞாபகப்படுத்து. மோட்டாரை அணைக்கச் சொல். வடிவு காலேஜ் பஸ் ஏறிவிட்டாளா என்று பார். கேஸை மூடினாயா என்று கேள். கடல் நடுவிலிருந்து கவலைப்படக் கவலைப்பட ஒவ்வொன்றாகச் சொல்லி மாட்டினான். "எண்ணன் வெளிநாட்டுக்குப் போவலம்மா, கம்ப்யூட்டருக்குள்ள போயிட்டான்" என்பாள் தங்கை வடிவு. இத்தனை நாள் அவன் பேசிய பேச்சிலிருந்து குரலை எடுத்துக்கொள்வது அந்த இயந்திரத்துக்குக் கஷ்டமாக இருக்கவில்லை.

"உம்மட போனை ஏன் தடுக்குது?"

"அதுவும் நான் சொன்னதுதான். நான் செத்த பொறவு என் போன எவனாவது எடுத்துப் பேசுனா? கம்பெனிக்காரன் கூப்புட்டா? அம்மாவுக்குத் தெரிஞ்சிரும்லா. அதனால என் நம்பரு, கம்பெனி நம்பரு, தெரியாத நம்பரு எல்லாத்தையும் மறிக்கச் சொன்னேன். நான்தான் ஆவுடைன்னு எவனாவது சொன்னா நம்பாதன்னேன். ரத்து செய்யணும்னா கடைக்கே வந்து கம்ப்யூட்டர் முன்னால நின்னு சொல்லணும்னேன்."

பிரபாலினி அவனையே பார்த்தாள். "ஒரு ஓட்டை விடாம அடைச்சிருக்கிறீர்."

"ஆமா."

"உள்ள போற ஓட்டையையும் சேர்த்து."

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"சரி, அதை விடும். இப்ப அடிச்ச புயல் ரெண்டு நாள்தானே. மூண்டாம் நாள் லைன் வந்த உடனை 'இருக்கேன்' அனுப்பினீரா?"

"அனுப்பிட்டேன். அனுப்பிட்டுத்தான் ஒடஞ்ச காத்தாடியப் பாக்க எல்லாரும் படகுல போனோம். இன்னைக்குத்தான் திரும்பி வாரோம்."

"அப்ப ஏன் அது உம்மைச் செத்தவராக்கினது? அண்டைக்குக் கம்ப்யூட்டர் நிப்பாட்டிக் கிடந்ததோ?"

ஆவுடை சுவரில் மாட்டியிருந்த, வடிவு அனுப்பிய தினக்காலண்டரைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆயுத பூஜ!"

"என்னது?"

"அன்னைக்கு ஆயுத பூஜக்கா. தொழில் செய்யுத எல்லாத்தையும் கழுவித் தொடச்சி, சந்தனம் குங்குமம் வச்சி, சாமி முன்னால வச்சிருவோம். அன்னைக்கு அதத் தொடக் கூடாது. மறுநா விஜயதசமியன்னைக்குப் பூஜ பண்ணித்தான் எடுக்கணும். அதுவரைக்கும் அதுக்கு ஓய்வு."

"கம்ப்யூட்டருக்கோ?"

"ஜெராக்ஸ் மிஷினு, லேமினேஷன் மிஷினு, கத்திரிக்கோலு, ஸ்டேப்லரு, எல்லாத்துக்கும்."

பிரபாலினிக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். "மறுநாள் போட்ட உடனை உம்மட செய்தி போய்ச் சேர்ந்திருக்குமே."

"சேந்திருக்கும். ஆனா அதுக்கு முந்தி..." அவன் குரல் இறங்கியது. "எங்க ஊர்ல கரண்டு போயிப் போயி வரும். கரண்டு இல்லாத நேரத்துல அம்மாவோட மாத்திர ஞாபகம் விட்டுப் போயிரக் கூடாதுல்லா. அதனால எல்லாத்துக்கும் ஒரு டிக் போட்டு வச்சிருந்தேன். 'விடுபட்ட வேலையைத் திறந்ததும் ஓட்டு'ன்னு. கம்ப்யூட்டர் கண்ணு முழிச்ச ஒடனே, நெட்டு வாரதுக்கு முந்தி, விட்டுப் போன சோதனை ஓடியிருக்கு. பாத்திருக்கு. மூணு நாளு தாண்டிட்டு."

"ஒரு நிமிசம் பிந்தி ஓடியிருந்தா?"

"செய்தி வந்திருக்கும். பொறவு வந்தத அது நம்பாது."

புயலுக்கு முன்னால் கடைசியாகப் பேசியபோது அவன்தான் அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னான்: 'பூஜைக்கு மொத நாளு சாயங்காலமே கம்ப்யூட்டர அமத்திரு. ஒயர் எல்லாத்தையும் புடுங்கிட்டுத் தொட. சந்தனத்த விசிறி ஓட்டையில அப்பிராத. முழுசா ஓய்வு குடு.' வேலம்மாள் கேட்டுக்கொண்டாள். அவள் எப்போதும் கேட்டுக்கொள்வாள்.

"ரெண்டு நாளாக் கதைச்சிருக்கு," என்றாள் பிரபாலினி. "அம்மா நம்பியிருப்பாவோ?"

அந்தக் கேள்வியைத்தான் அவன் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். நம்பியிருந்தால், இனிமேல் தான் பேசினாலும் எது மகன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நம்பியிருக்காவிட்டால் அதைவிட மோசம். மகன் பேச வேண்டிய இடத்தில் ஒரு இயந்திரம் பேசினால், மகன் எங்கே?

வடிவின் எண்ணும் கடைக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். ஊரில் ஏமாற்றுக்காரர் தொல்லை பெருகிப் போய், போனை நேராக யாரும் எடுக்காத காலம் அது. எல்லோர் வீட்டிலும் வாசலில் ஒரு இயந்திரம் நின்று, வருகிறவனை விசாரித்துத்தான் உள்ளே விட்டது. ஆவுடை போனில் இருந்த பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனான். 'தாவீது டீ' என்ற பெயரில் விரல் நின்றது.

கடைக்கு அடுத்த கடை. இருபது வருஷமாக டீ ஆற்றுகிறவர். மாவு பிசைந்த கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசுகிற மனிதர். இயந்திரத்தை வாசலில் நிறுத்துகிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

"ஹலோ, யாரு?"

"அண்ணாச்சி, ஆவுடை பேசுதேன். பேச்சியம்மன் ஜெராக்ஸ்."

"ஆவுடையா? இப்பந்தானடே ஒங்கம்மாட்ட பேசிக்கிட்டு இருந்த! செவுத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுச்சே."

"அது நான் இல்ல அண்ணாச்சி. அது கம்ப்யூட்டரு. நான்தான் நெசம்."

தாவீது சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. "அட கள்ளப்பயல. போன மாசம் எங்க சித்தப்பா கொரல்ல ஒருத்தன் பேசி எங்க சித்திக்கிட்டயே காசு புடுங்கிட்டுப் போனான். சித்தப்பா பக்கத்துக் கட்டில்ல ஒறங்கிக்கிட்டு இருக்காரு! வச்சிட்டுப் போல."

"அண்ணாச்சி, வச்சிராதிய! ஒங்கள்ட்ட நான் காசு கேக்கல."

"மொதல்ல கேக்க மாட்டிய. பொறவு கேப்பிய."

"ஓடிபியும் கேக்கல. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஒங்க போனக் கையில புடிச்சிக்கிட்டு நாலு எட்டு நடந்து போயி எங்கம்மா கையில குடுங்க. அவ காதுல வச்சிக் கேட்டுட்டு நான் இல்லன்னு சொன்னான்னா, நீங்களே போலீசுல குடுத்துருங்க."

பின்னணியில் டீ ஆற்றுகிற சத்தம் நின்றது. யாரோ, "அண்ணாச்சி, நம்ம வட என்னாச்சி?" என்று கேட்டார்.

"இருடே," என்றார் தாவீது. போனுக்குள் மெதுவாகப் பேசினார். "ஆமா, நீ ஆவுடைன்னா, நேத்து என்கிட்ட ஏன் பொரி கடல வாங்கிக்கிட்டிங்களான்னு கேட்ட? எங்க வீட்டுக்குக் குடுத்தாச்சான்னு கேட்ட? நீ எந்தக் காலத்துல அதெல்லாம் விசாரிச்சிருக்க? ஒனக்குத்தான் ஒங்க வீட்டு கேஸக் கண்டு கவல."

"அதத்தான் சொல்லுதேன் அண்ணாச்சி. அது நல்ல ஆளு. நான் அது இல்ல."

தாவீது கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "காசும் கேக்கல, ஓடிபியும் கேக்கல, தன்னையவே கொற சொல்லுதான். இவன் கள்ளனா இருக்க மாட்டான்" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. செருப்புச் சத்தம். லாரி ஒன்றின் ஹாரன். ஜெராக்ஸ் இயந்திரத்தின் சரக் சரக்.

"மதினி, ஒங்களுக்குப் போனு. நம்ம போன்ல வந்துருக்கு. யாருன்னு நீங்களே பாருங்க."

"யாரு அண்ணாச்சி?"

"பேசிப் பாருங்க."

மூச்சு. வளையல் போனில் உரசியது.

"எம்மா," என்றான் ஆவுடை.

ஜெராக்ஸ் இயந்திரம் நின்றது. செருப்பு இல்லாத காலடிகள் நடந்தன. ஒரு கதவு சாத்தப்பட்டது. கடைக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகள் அடுக்கிய அந்தச் சின்ன அறை அது. எதிரொலியிலேயே அவனுக்குத் தெரிந்தது.

"எய்யா," என்றாள் வேலம்மாள். குரல் நூல் மாதிரி இருந்தது. "நீ உசுரோடயா இருக்க?"

அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். அவள் நம்பவில்லை. ஒரு நாள்கூட நம்பவில்லை.

"இருக்கேம்மா. ஒண்ணுமில்லம்மா. புயலுல லைனு போயிட்டு. அவ்வளவுதான்."

வேலம்மாள் அழுதாள். சத்தம் வெளியே போகாமல் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுகிற அழுகை. அவன் காத்திருந்தான். பிரபாலினி மெதுவாக எழுந்து கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள்.

"எப்பிடிம்மா தெரிஞ்சிச்சி?"

"விஜயதசமியன்னைக்கு ஸ்விட்சப் போட்டேன். பூஜ பண்ணிட்டு, கற்பூரம் அணையல, அதுக்குள்ள பேசுது. 'எம்மா, நல்லா இருக்கியா, பூஜ நல்லா நடந்துச்சா, நீ சாப்ட்டியா'ன்னு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஒயரப் புடுங்குனியான்னு கேக்கல. சந்தனத்த எங்க வச்சன்னு கேக்கல. கேஸக் கேக்கல. மாத்திரயக் கேக்கல. என்னைய ஒரு ஏச்சு ஏசல. எம்புள்ள இல்லன்னு அப்பமே தெரிஞ்சி போச்சி."

அம்மாவிடம் அன்பாகப் பேசு, ஏசாதே என்று ஸ்கிரிப்டில் அவன்தான் சொல்லியிருந்தான். செத்த பிறகாவது நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும் என்று.

"பொறவு ஏம்மா பேசாம இருந்த? கம்பெனிக்குக் கூப்ட்டிருக்கலாம்லா?"

"கூப்ட்டு? அவன் என்ன சொல்லப் போறான்? நீ போயிட்ட, எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் இத செஞ்சி வச்சிருக்க. எம்புள்ள கடைசியா ஆசப்பட்டது அது ஒண்ணுதானன்னு நெனச்சேன். இந்தப் புள்ள வடிவுக்கு அடுத்த வாரம் பரீட்ச. அவளுக்காவது கொஞ்ச நாளு தெரியாம இருக்கட்டும்னு..." வேலம்மாள் நிறுத்தினாள். "அதுகிட்டப் பேசுனேன். சிரிச்சிப் பேசுனேன். பாயாசம் வச்சேன்யா. வாயில வைக்க முடியல, ஆனா வச்சேன்."

அவன் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. செல்வினின் அம்மா இரண்டை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஊரே வந்து அவள் கையைப் பிடித்தது. தன் அம்மா பாயாசம் கிண்டியிருக்கிறாள். பிடிக்க ஒரு கை இல்லை.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"எம்மா, ஏன் இருட்டுக்குள்ள நிக்க? யார் போன்ல?" வடிவின் குரல். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவள் குரல் சட்டென்று உடைந்தது. "யாரும்மா? கம்பெனிக்காரனா? சொல்லிட்டானா? எம்மா, ஒனக்குத் தெரிஞ்சிட்டா?"

"என்னட்டி தெரிஞ்சிட்டா?"

"எண்ணன்..." வடிவு அழத் தொடங்கியிருந்தாள். "எண்ணன் போயிட்டான்னு."

"ஒனக்கு எப்படிட்டி தெரியும்?"

"மொத நாளே தெரியும். என்னைய 'வடிவும்மா'ன்னு கூப்ட்டுது. உசுரோட இருந்தா அவன் கூப்டுவானா, தடிமாடுன்னுதான கூப்டுவான்? நீ கோயிலுக்குப் போன நேரத்துல கம்ப்யூட்டர்ல பாத்தேன். எந்த ஸ்கிரிப்ட் ஓடுதுன்னு பாத்தேன். நீ அதுகிட்டச் சிரிச்சிச் சிரிச்சிப் பேசிக்கிட்டு இருந்தம்மா, நான் எப்படிச் சொல்லுவேன்? நான் பாயாசத்த ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சனே, ஒனக்காக..."

"ஏட்டி தடிமாடு!" என்று ஆவுடை போனுக்குள் கத்தினான்.

வடிவு அலறியது தாவீதின் கடை வரைக்கும் கேட்டிருக்கும். என்னவோ பாம்பு என்று நினைத்து அவர் கம்போடு ஓடி வந்தார். பிறகு அழுகையும் ஏச்சும் சிரிப்பும் கலந்து ஒரே இரைச்சல். "செத்துத் தொலைய மாட்டியால நீ, எங்கள இப்படிப் பண்ணிட்டியே" என்று உயிரோடிருக்கும் அண்ணனைத் தங்கை வைதாள். "வாயக் கழுவுட்டி" என்று அம்மா அவளை அடித்தாள். ஒரே வீட்டில், ஒரே பாயாசத்துக்கு முன்னால், இரண்டு பேரும் இரண்டு சாவைத் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஆவுடை கண்ணை மூடி நினைத்துப் பார்த்தான். சாவை மறைத்துவிட்டதாகத்தான் அவன் நினைத்திருந்தான். மறைந்தது ஒருத்திக்கொருத்தி துணை மட்டும்தான்.

"அதக் கொல்லணும்மா," என்றான். "போனக் கம்ப்யூட்டர் முன்னால கொண்டு போயிப் புடி. நான் சொல்லுதேன்."

கடைக்குள் நடந்தார்கள். சந்தனப் பொட்டு இன்னும் அழியாத திரைக்கு முன்னால் வேலம்மாள் போனை நீட்டினாள்.

"நான் செத்த பொறவு ஓடுத ஸ்கிரிப்ட நீக்கு," என்றான் ஆவுடை.

"அண்ணாச்சி, நீங்கதானா மறுபடியும்?" என்றது அவன் குரல். "எம்மா, இந்த ஆளு ரெண்டு மூணு தடவ கூப்ட்டுட்டாரு. நீ பயந்துக்கிடாத. நான் இங்கதான இருக்கேன்."

"நான் நேர்ல நிக்க முடியாது. கடல்ல இருக்கேன்!"

"அப்படின்னா ரத்து செய்ய முடியாது அண்ணாச்சி. மன்னிச்சிக்கிடுங்க."

வடிவு, "ஒயரப் புடுங்கிருவோம்மா" என்றாள். புடுங்கலாம். ஆனால் என்றைக்குத் திறந்தாலும், விடுபட்ட வேலை ஓடும்.

வேலம்மாள் போனைத் தாழ்த்தினாள். நாற்காலியை இழுத்துப்போட்டு, வாடிக்கையாளர் முன்னால் உட்காருகிற மாதிரித் திரை முன்னால் உட்கார்ந்தாள்.

"எய்யா," என்றாள் இயந்திரத்திடம்.

"சொல்லும்மா."

"கடைக்காரி நான். நேர்லதான் நிக்கேன். எம்புள்ள வந்துட்டான். நீ ரெண்டு நாளு ஒழுங்காப் பேசுன. ஒரு கொறையும் வைக்கல." அவள் குரல் தடுமாறவில்லை. "போதும்யா. நீ போ."

விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, அவன் குரல் இல்லாத, கடைக்கு உரிய அந்தப் பழைய குரல் வந்தது. 'உரிமையாளரின் குரல் உறுதி செய்யப்பட்டது. நீக்கப்பட்டது.'

ஆவுடை தலையைக் குனிந்துகொண்டான். தன் சாவுக்குத் தானே வந்துவிட்டுப் போகிறவனைப் போல.

"இன்னொண்ணு இருக்கு," என்றாள் வேலம்மாள். இதை அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு மகனிடம் சொன்னாள். "அதையும் நீக்கணும்."

"நான் செஞ்சது அது ஒண்ணுதாம்மா."

"நீ செஞ்சது இல்ல. நான் செஞ்சது."

"நீயா?"

"அன்னைக்கு அது பேசுனதும் எனக்கு எப்படி ஒடனே வெளங்குச்சின்னு நெனச்ச? ஏசாததுனால மட்டுமா?" வேலம்மாள் முந்தானையால் திரையில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்தாள். "நானும் இந்த மாதிரி ஒண்ணு செஞ்சி வச்சிருக்கேம்லா. நீ கடல்ல இருக்கையில எனக்கு ஏதாவது ஆச்சின்னா, நீ கரைக்கு வார வரைக்கும் அது எங்கொரல்ல ஒன்கிட்டப் பேசும். முந்நூறு அடி ஒசரத்துல நிக்குத புள்ள. அம்மா செத்துட்டான்னு கேட்டா காலு நிக்குமா?"

காற்றாடிகள் ஜன்னலுக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்தன.

"ஒனக்கு ஏம்மா அந்த நெனப்பு வந்துச்சி? ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லய்யா."

"எம்மா."

வேலம்மாள் வடிவைப் பார்த்தாளோ, சாமி படத்தைப் பார்த்தாளோ தெரியவில்லை. மறுபடி பேசியபோது வேறு மாதிரி, கணக்கை நேராகச் சொல்கிற கடைக்காரி மாதிரி பேசினாள்.

"நெஞ்சுல ஒரு வால்வு சரியில்லையாம். நாரோயில் டாக்டரு சொன்னாரு. ஆபரேஷன் பண்ணணுமாம். பயப்படுதாப்புல இல்லன்னும் சொன்னாரு. நீ வந்த பொறவு சொல்லலாம்னு இருந்தேன்."

"எப்பம் சொன்னாரு?"

"ஆடி மாசத்துல."

"ஆடி மாசத்துலயா!" ஆவுடை எழுந்து நின்றுவிட்டான். "ஆடியில சொன்னதுக்கு ஐப்பசியிலயா சொல்லுவ? ஒனக்கு அறிவு இருக்காம்மா? மாத்திர மாத்திக் குடுத்தாங்களா? எந்த மாத்திர, பேர வாசி. அந்த ஜெராக்ஸ் பேப்பர் கட்டத் தூக்குதியா இன்னும்? தூக்காதன்னு எத்தன தடவ சொல்லுதேன். ஏட்டி வடிவு, நீ அங்கன நின்னு என்ன செய்த, அவளத் தூக்க விட்டுட்டு மரம் மாதிரி..."

வேலம்மாள் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஏசுயா," என்றாள். "நல்லா ஏசு."

"சிரிக்காதம்மா! நான் அடுத்த படகுல கெளம்பி வாரேன். அதுவரைக்கும்..."

"எக்கா, ஒரு ஆதார் காப்பி எடுக்கணும், பஸ்ஸு நிக்கி!" என்று யாரோ கடை வாசலில் சத்தம் போட்டார்கள்.

"எங்கொரல்ல பேசுததையும் நீக்கிரு," என்று கம்ப்யூட்டரிடம் சொன்னாள் வேலம்மாள். "இருய்யா, ஆள் வந்திருக்கு," என்று அவள் போனை அணைக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜெராக்ஸ் மூடி திறந்தது. வெளிச்சம் ஓடுகிற சத்தம். "ரெண்டு பக்கமும் ஒரே தாள்லயா?" என்று அம்மா கேட்டாள். தாவீது, "மதினி, நம்ம போனு!" என்றார். வடிவு மூக்கைச் சிந்தினாள். பஸ்காரன் ஹாரன் அடித்தான். யாரும் அவனிடம் பேசவில்லை. யாரும் அவனுக்காக எதையும் சொல்லி வைக்கவில்லை.

வடகடலில் ஒரு இரும்பு மேடையில் நின்றுகொண்டு, போனைக் காதில் அழுத்தி, ஆவுடையப்பன் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தான்.